நடுவில் உட்காராதவர்கள்

பக்கவாத்தியத்தைப் பற்றித் தமிழ்நாட்டில் எழுந்த மிகப் பழைய தகராறு சொந்தக்காரர்கள் வாயால் வந்தது. திருஞானசம்பந்தருக்கு யாழ் வாசித்தவர் திருநீலகண்ட யாழ்ப்பாணர். ஊர் திருஎருக்கத்தம்புலியூர். இன்றைக்கு அது ராஜேந்திரப்பட்டினம் என்ற பெயரில் கடலூர் மாவட்டத்தில், விருத்தாசலத்திலிருந்து ஜெயங்கொண்டம் போகும் சாலையில் இருக்கிறது. சீகாழிக்கு வந்து சம்பந்தரைக் கண்டு, அவர் பாடும் பதிகங்களை யாழில் ஏற்றி வாசிக்கும் வேலையைக் கேட்டு வாங்கிக்கொண்டவர் கடைசிவரை கூடவே நடந்தார். எல்லாம் ஒழுங்காகப் போய்க்கொண்டிருந்தபோது தருமபுரம் வந்தது. பாணரின் தாய் பிறந்த ஊர் அது. உறவுக்காரர்கள் திரண்டு வந்து, இவர் யாழில் வாசிப்பதால்தான் அந்தப் பதிகங்களுக்கு இத்தனை பெருமை என்று பேசிவிட்டார்கள்.

பாணர் நடுங்கிப்போனார். யாழில் அடங்காத பதிகம் ஒன்றைப் பாடி இவர்களுக்கு உண்மையை விளங்கவைக்க வேண்டும் என்று சம்பந்தரிடமே கேட்டுக்கொண்டார். சம்பந்தர் பாடினார். யாழ் பின்தொடர முடியாமல் நின்றது. யாழை உடைக்கப்போன பாணரைத் தடுத்து, கருவிக்கு எட்டிய அளவில் வாசியுங்கள், போதும் என்று சம்பந்தர் தேற்றினார். அந்தப் பதிகத்துக்கு யாழ்மூரி என்று பெயர். சேக்கிழார் 12ஆம் நூற்றாண்டில் இதைப் பெரியபுராணத்தில் பாடினார். அந்த நூல் தில்லை ஆயிரங்கால் மண்டபத்தில் அரங்கேறியது என்பது மரபு.

குரலுக்கு முன்னால் கருவி சிறிது என்று இந்தக் கதைக்கு வழக்கமாகப் பொருள் சொல்வார்கள். எனக்கு உறுத்துவது பாணரின் நடுக்கம். பாராட்டு வந்ததும் அதைக் குற்றச்சாட்டைப் போல வாங்கிக்கொண்டு, தனக்கு எதிராகத் தானே சாட்சி சொல்கிறார். கூட வாசிப்பவர் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்பதற்கு நம் ஊரில் அன்றைக்குப் போட்ட அச்சு இன்னும் உடையவில்லை. இன்றும் நல்ல மிருதங்கக்காரரைப் பாராட்ட வருகிறவர்கள் 'பாட்டுக்கு அடக்கமாக வாசித்தார்' என்றுதான் முதலில் சொல்கிறார்கள். ஆனால் அதே மரபு பாணரை 63 நாயன்மாரில் ஒருவராக எண்ணியும் வைத்திருக்கிறது. சம்பந்தர் திருநல்லூர்ப் பெருமணத்தில் சோதியில் கலந்தபோது பாணரும் மனைவி மதங்கசூளாமணியும் உடன் கலந்தார்கள் என்கிறது. கும்பிடத் தயங்கவில்லை, நடுவில் உட்காரவைக்கத்தான் தயக்கம்.

கதைக்கு இரண்டாம் பாகம் ஒன்று உண்டு, அது தில்லையில் நடக்கிறது. முதலாம் ராஜராஜன் காலத்தில் தேவார ஏடுகள் சிதம்பரம் கோயில் அறையொன்றில் கரையான் அரித்த நிலையில் கிடைத்ததையும், நம்பியாண்டார் நம்பி அவற்றைத் தொகுத்ததையும் திருமுறை கண்ட புராணம் சொல்கிறது. சிதம்பரத்துக்காரரான உமாபதி சிவாசாரியார் பாடியதாகக் கருதப்படும் நூல் அது. பாட்டு கிடைத்துவிட்டது. எந்தப் பண்ணில் பாடுவது என்று யாருக்கும் தெரியவில்லை. விடை எருக்கத்தம்புலியூரில் இருந்தது. யாழ்ப்பாணர் வழியில் வந்த பெண்ணொருத்தியைத் தில்லைக்கு வரவழைத்துப் பண் வகுக்கச் செய்தார்கள். புராணத்தை வரலாறாக எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை. பாடியவர் போய்விட்டாலும் பாட்டின் மெட்டு கூட வாசித்தவர் வீட்டில் தங்கியிருக்கும் என்று ஒரு காலத்தில் நம்பினார்கள் என்பதற்கு அது சாட்சி. பக்கவாத்தியக்காரர் என்பவர் யார், அவர் எதைக் காப்பாற்றுகிறார், அதற்கு என்ன கிடைக்கிறது என்ற கேள்விகளுக்குக் கடலூர், சிதம்பரம் வட்டாரத்தைப் போல இவ்வளவு நெடிய பதில் வைத்திருக்கும் இடம் வேறு உண்டா என்று தெரியவில்லை.

கேள்வி நமக்கு மட்டும் உரியதும் இல்லை. ரோலிங் ஸ்டோன்ஸ் ராக் குழுவை 1962இல் பிரையன் ஜோன்ஸ் தொடங்கியபோது முதலில் வந்து சேர்ந்தவர் இயன் ஸ்டூவர்ட் என்ற பியானோக்காரர். அடுத்த ஆண்டு வந்த மேனேஜர் ஆண்ட்ரூ ஓல்டம், ஆறு பேர் அதிகம், இவர் முகம் குழுவுக்குப் பொருந்தவில்லை என்று ஸ்டூவர்ட்டைப் புகைப்படத்திலிருந்து நீக்கிவிட்டார். ஸ்டூவர்ட் கோபித்துக்கொண்டு போகவில்லை. வண்டியோட்டி, சாமான் சுமந்து, வேண்டும்போது பியானோ வாசித்து 1985இல் இறக்கும்வரை அங்கேயே இருந்தார். மைனர் கார்டு வந்தால் மட்டும் கையை எடுத்துவிடுவாராம். அந்த ஒரு பிடிவாதத்தை யாராலும் பிடுங்க முடியவில்லை. 1989இல் ராக் அண்ட் ரோல் ஹால் ஆஃப் ஃபேமில் குழுவைச் சேர்த்தபோது இறந்துபோன ஸ்டூவர்ட்டின் பெயரையும் சேர்த்தார்கள். பீட்டில்ஸ் 1969இல் வெளியிட்ட 'கெட் பேக்' இசைத்தட்டில் கூட வாசித்த பில்லி பிரஸ்டன் பெயரும் அச்சாகியது. அமெரிக்காவில் மோட்டவுன் நிறுவனத்தின் பேஸ் கிதார்க்காரர் ஜேம்ஸ் ஜேமர்சனுக்கு 1971வரை காத்திருக்க வேண்டியிருந்தது. மார்வின் கேயின் 'வாட்ஸ் கோயிங் ஆன்' உறையில்தான் அங்கே வாத்தியக்காரர்களின் பெயர் வெளியே தெரிந்தது. 2000இல் ஹால் ஆஃப் ஃபேம் பக்கவாத்தியக்காரர்களுக்கென்று தனிப் பிரிவே ஏற்படுத்தி முதல் ஆண்டிலேயே ஜேமர்சனைச் சேர்த்தது. அவர் 1983இல் இறந்துவிட்டிருந்தார்.

கூலி என்று பார்த்தால் நம் பழைய கணக்கு இவர்களைவிடத் துப்புரவாக இருக்கிறது. தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டில் ராஜராஜன் திருப்பதியம் பாட 48 பேரையும், உடுக்கை வாசிக்க ஒருவரையும், கொட்டிமத்தளம் வாசிக்க ஒருவரையும் நியமிக்கிறான். ஆக 50 பேர். ஆளுக்கு நாளொன்றுக்கு முக்குறுணி நெல். பாடுகிறவருக்கு ஓர் அளவு, தட்டுகிறவருக்கு ஓர் அளவு என்று பிரித்ததாக இல்லை. இன்றைய சபாக் கச்சேரியில் அந்த விகிதத்தைக் கேட்டால் செயலாளர் சிரிப்பார்.

இனி சிதம்பரம் வீதிக்கு வருவோம். ஆனித் திருமஞ்சனத்துக்கும் மார்கழித் திருவாதிரைக்கும் ஒன்பதாம் நாள் தேர். வேறு ஊர்களில் உற்சவர் தேரேறுவார். இங்கே சிற்சபையில் நின்றாடும் மூலவரே புறப்பட்டு வருகிறார். அப்போது வாசிக்கப்படுவது மல்லாரி. கம்பீரநாட்டை ராகம், ஐந்தே சுரம், சாகித்தியம் கிடையாது. மல்லாரிக்கு முன்னால் தவில் தனியாக அலாரிப்பு வாசிக்கும். அதாவது நாதசுரம் வாயைத் திறப்பதற்கு முன் தெருவுக்குச் செய்தி சொல்லுவது பக்கவாத்தியம். பிறகு நாதசுரம் அதே உருப்படியை முதல் காலம், இரண்டாம் காலம், மூன்றாம் காலம் என்று ஏற்றியும், திசிரத்தில் திருப்பியும் வாசிக்கும். இத்தனை ஏற்ற இறக்கத்துக்கும் நடுவில் ஒருவர் மட்டும் மாறக்கூடாது. அவர் தாளக்காரர்.

கையில் இரண்டு வெண்கலக் கிண்ணங்கள், பக்கத்தில் காதைப் பிளக்கும் இரண்டு மூன்று தவில், முன்னால் கூட்டம், பின்னால் தேர்வடத்தை இழுக்கும் ஆயிரம் பேரின் கூச்சல். தவில்காரர் வேண்டுமென்றே தாளத்துக்கு எதிரடையாக விழும் கோர்வைகளை வைப்பார். நாதசுரக்காரர் எடுப்பைத் தள்ளிப் பிடிப்பார். அவர்களுக்கு அந்தத் துணிச்சல் எங்கிருந்து வருகிறது என்றால், அந்தக் கிண்ணம் இடம் தவறாது என்ற நம்பிக்கையிலிருந்துதான். அது அரை மாத்திரை வழுக்கினால் எல்லோரும் வழுக்குவார்கள். வழக்கத்தில் இந்த வேலை செட்டில் இருக்கும் இளைய சீடனுக்கோ வீட்டுப் பையனுக்கோ போகிறது. தவறினால் எல்லாம் கவிழ்ந்துவிடும் வேலையைச் சம்பளத்தில் கடைசி ஆளிடம் கொடுத்துவைத்திருக்கும் ஏற்பாடு எனக்கு எப்போதும் வேடிக்கையாகவே இருக்கிறது. அதில் ஒரு நியாயமும் உண்டு என்பார்கள்: பெரிய வித்வான்களின் கணக்கெல்லாம் அந்தப் பையன் காதில் விழுந்து உடம்பில் ஊறிவிடும், நாளைக்கு அவன் நாதசுரமோ தவிலோ எடுக்கும்போது உதவும். உண்மைதான். ஆனால் எடுக்காமல் தாளத்தோடே கிழவனாகிப்போனவர்களும் இருக்கிறார்கள்.

ஒத்துக்காரர் இன்னும் அடியில். பார்வைக்கு நாதசுரம் போலவே இருக்கும் ஒத்தில் வாசிப்பதற்கான விரல் துளை கிடையாது. ஒரே சுரம், ஆதார சுருதி. மூக்கால் மூச்சை இழுத்துக்கொண்டே கன்னத்தில் தேக்கிய காற்றை ஊதித்தள்ளி, சங்கிலி அறாமல் மணிக்கணக்கில் பிடிக்க வேண்டும். கேட்பவர் யாரும் ஒத்தைக் கேட்பதாக நினைப்பதில்லை. அது நின்ற பிறகுதான் இதுவரை ஏதோ இருந்தது என்று உறைக்கும்.

தவிலின் கதை வேறு மாதிரிப் போனது. இருபதாம் நூற்றாண்டின் முற்பாதியில் தவில் பின்வரிசையிலிருந்து முன்வரிசைக்கு நகர்ந்தது. நீடாமங்கலம் மீனாட்சிசுந்தரம் பிள்ளை (1894–1949) போன்றவர்கள் வாசிக்க வந்தபின், அவர் வருகிறாரா என்று கேட்டுக்கொண்டு கூட்டம் வந்தது. நோட்டீஸில் 'ஸ்பெஷல் தவில்' என்று தனியாகப் பெயர் போடும் வழக்கம் நிலைத்தது. பிறகு யாழ்ப்பாணத்திலிருந்து தட்சிணாமூர்த்தி வந்து தஞ்சை ஜில்லாவையே திரும்பிப் பார்க்கவைத்தார். வலது கை விரல்களில் மாவும் துணியும் சுற்றிக் காயவைத்த கூடுகளை மாட்டிக்கொண்டு, இடது கையில் பூவரசங்குச்சியைப் பிடித்துக்கொண்டு, தோளில் வார் மாட்டிய அத்தனை கனத்தையும் சுமந்தபடி நான்கு ரத வீதியும் சுற்றுகிறவருக்கு அந்தப் பெயர் கிடைத்தது நியாயம்தான். ஆனால் அதில் ஒரு நஷ்டமும் சேர்ந்துகொண்டது. கல்யாண மண்டபங்களில் இன்று தவில்தான் கச்சேரி, நாதசுரம் அதற்கு நகாசு என்று தோன்றும் அளவுக்குச் சத்தம் முற்றிவிட்டது. ராகத்தை நிதானமாக விரிக்க நாதசுரக்காரருக்கு இடமே கிடைப்பதில்லை. தருமபுரத்தில் உறவினர்கள் சொன்னது இந்த மண்டபங்களில் பலித்துவிட்டது போலும். அதைக் கேட்டு நடுங்க ஒரு பாணர் இல்லை.

கச்சேரி மேடையில் இந்தச் சமன்பாட்டைப் பலரும் பலவிதமாகப் போட்டுப் பார்த்திருக்கிறார்கள். காஞ்சிபுரம் நயினாப் பிள்ளை (1889–1934) வயலின், மிருதங்கம், கஞ்சிரா, கடம், மோர்சிங், கொன்னக்கோல் என்று சுற்றிலும் ஆள் நிறுத்திப் பாடினார். 'ஃபுல் பெஞ்ச்' என்று அதற்குப் பெயரே விழுந்தது. லயக்காரர்களோடு மல்லுக்கு நிற்பது அவர் பாட்டின் பாணி. தோற்றுவிடுவோமோ என்ற பயம் இல்லாத பாடகருக்குத்தான் அத்தனை பேரைச் சுற்றி உட்காரவைக்க மனம் வரும். அதற்கு மறுகோடியில், தன்னைவிட நன்றாக வாசித்துக் கைதட்டல் வாங்கிவிடுவார் என்பதற்காகவே சில பெரிய மிருதங்கக்காரர்களை ஒதுக்கிய பாடகர்களைப் பற்றிக் கச்சேரி உலகத்தில் காலங்காலமாகப் பேச்சு உண்டு.

மிருதங்கக்காரர் பழனி சுப்பிரமணிய பிள்ளை (1908–1962) இடது கைக்காரர். அவர் வாசித்தால் மேடையில் வயலின்காரரோடு இடம் மாற்றி உட்கார வேண்டியிருந்தது. கேட்க அற்பமான விஷயம், ஆனால் அதைச் சாக்காக வைத்து அவரைத் தவிர்த்தவர்கள் உண்டு. செம்பை வைத்தியநாத பாகவதர் அவருக்குத் துணை நின்றார். பாலக்காடு மணி ஐயருக்கு 1966இல் சங்கீத கலாநிதி கிடைத்தபோதுதான் மிருதங்கக்காரர் ஒருவர் முதல்முதலாக அந்த நாற்காலியில் உட்கார்ந்தார். மியூசிக் அகாடமி அந்தப் பட்டம் கொடுக்கத் தொடங்கி இருபது ஆண்டுகளுக்கு மேலாகியிருந்தது. மிருதங்கம் இல்லாமல் அதுவரை அங்கே ஒரு கச்சேரியாவது நடந்திருக்குமா?

மணி ஐயருக்கும் பின்னால் ஒருவர் இருந்தார். தஞ்சாவூர் செபாஸ்டியன் குடும்பத்து பர்லாந்து. மணி ஐயரின் காதில் விழுந்த நாதத்தைத் தோலிலும் கரணையிலும் கொண்டுவந்தவர் அவர். டி.எம். கிருஷ்ணா 2020இல் எழுதிய 'செபாஸ்டியன் அண்ட் சன்ஸ்' அந்தக் குடும்பத்தையும், மிருதங்கம் செய்கிற பிற தலித் குடும்பங்களையும் பற்றியது. பக்கவாத்தியக்காரருக்குப் பாடகர் எவ்வளவு தூரமோ, அதைவிடப் பல மடங்கு தூரத்தில் பக்கவாத்தியக்காரரிடமிருந்து இவர்கள் நிறுத்தப்பட்டார்கள். மாட்டுத்தோலில்லாமல் வலந்தலை இல்லை, அந்தத் தோலைத் தொட்டுப் பதப்படுத்துபவருக்கு மேடை இல்லை. தூரத்தை உண்டாக்கியதில் இசைக்குப் பங்கு குறைவு, சாதிக்குத்தான் அதிகம்.

இந்தச் சங்கிலியின் இன்னொரு கண்ணி கடலூர் மாவட்டத்துப் பண்ருட்டியில் இருக்கிறது. பலாப்பழத்துக்குத்தான் ஊருக்குப் பெயர். வாத்தியக்காரர்களுக்கோ பண்ருட்டி என்றால் கட்டை. காய்ப்பு ஓய்ந்த முதிர்ந்த பலா மரத்தை அறுத்துத் துண்டாக்கி, கடைந்து குடைந்து மிருதங்கக் கட்டையாகவும், குடமாகச் செதுக்கி வீணையாகவும் ஆக்குகிறார்கள். தஞ்சாவூர் வீணைக்குப் பண்ருட்டிப் பலாதான் என்று ஆசாரிகள் சொல்வது வழக்கம். தவிலும் பலா மரம்தான். வயசான மரம், வைரம் பாய்ந்த நடுப்பகுதி, கண் விழாத கட்டை என்று பார்த்து எடுக்க வேண்டும். பச்சையாகக் கடைந்தால் பின்னால் வெடித்துவிடும். மாவட்டத்துச் செம்மண்ணில் தோப்பு வைத்திருப்பவருக்கு, தன் பாட்டன் நட்ட மரம் எந்தச் சபாவில் ஒலிக்கிறது என்று தெரிய வழியில்லை.

அதே மாவட்டத்து நெய்வேலி, நிலக்கரிக்காக 1956இல் ஏற்பட்ட நிறுவனத்தைச் சுற்றி எழுந்த ஊர். பரம்பரை, மடம், கோயில் மானியம் என்று எதுவும் இல்லாத டவுன்ஷிப். அங்கிருந்து சந்தானகோபாலன் பாட வந்தார். கூடவே நெய்வேலி நாராயணன், நெய்வேலி வெங்கடேஷ், நெய்வேலி ஸ்கந்தசுப்பிரமணியம் என்று ஊர்ப் பெயரைச் சுமந்த மிருதங்கக்காரர்களும் வந்தார்கள். பக்கவாத்தியம் குலத்தொழிலாக இருந்த காலம் கழிந்து, சம்பளக்காரர் வீட்டுப் பிள்ளை விரும்பிக் கற்கும் கலையானதற்கு இந்த ஊர் நல்ல உதாரணம். அதனால் சில கதவுகள் திறந்தன. நாதசுரமும் தவிலும் சேர்ந்த பெரிய மேளத்தின் பக்கம் மட்டும் அந்தக் கதவு திறக்கவில்லை. தவில் இன்னும் பெரும்பாலும் பழைய வீடுகளிலேயே நிற்கிறது.

ஆட்டத்துக்குப் பக்கவாத்தியம் என்றால் தில்லையைவிட வேறு மேற்கோள் வேண்டாம். கூத்தன் ஆடும்போது திருமால் மத்தளம் கொட்டுகிறார், நந்தி முழவு வாசிக்கிறார், ஆயிரம் கையுள்ள வாணாசுரன் குடமுழாவுக்கு. சோழர் காலச் செப்புச் சிலைகள் சிலவற்றில் காலடியில் தாளத்தோடு உட்கார்ந்திருக்கும் காரைக்கால் அம்மையாரைப் பார்க்கலாம். சிதம்பரம் கோபுர வாசல்களில் 108 கரணங்களையும் செதுக்கிய சிற்பி, ஆடுபவளின் இருபக்கமும் சிறிய உருவங்களில் வாசிப்பவர்களையும் செதுக்கினான். முழங்காலுக்கும் இடுப்புக்கும் இடைப்பட்ட உயரம்தான். ஆனாலும் அவர்களை விட்டுவிட்டு ஆட்டத்தைக் காட்ட அவன் கைக்கு மனமில்லை.

பரதநாட்டியம் சதிர் என்றிருந்த நாளில் நட்டுவனாரும் மத்தளக்காரரும் முகவீணைக்காரரும் ஆடுபவருக்குப் பின்னால் நின்று, அவர் முன்னே போனால் முன்னே, பின்னே வந்தால் பின்னே என்று நகர்ந்துகொண்டே வாசித்தார்கள். ருக்மிணி தேவி 1930களில் அவர்களை மேடையின் ஓரத்தில் உட்காரவைத்தார். பார்க்க அழகாகிவிட்டது. ஆடுபவரின் முதுகுத்தண்டைப் பார்த்துக்கொண்டே அடுத்த அடவைக் கணிக்கும் பழைய நெருக்கம் அதோடு போயிற்று என்று சொல்பவர்கள் உண்டு, அவர்களை நான் பழமைவாதிகள் என்று ஒதுக்கமாட்டேன். சிதம்பரத்தில் 1981இல் நாட்டியாஞ்சலி தொடங்கியது. மகாசிவராத்திரியை ஒட்டி எங்கெங்கிருந்தோ வந்து ஆடுகிறார்கள். வெளியூரிலிருந்து நட்டுவாங்கம், பாட்டு, மிருதங்கம், வயலின் என்று நாலு பேரைக் கூட்டிவந்து தங்கவைப்பது இளம் கலைஞருக்குக் கட்டுப்படியாகாது. அதனால் பென்டிரைவ் வருகிறது. பதிவிசை தவறாது, தாமதிக்காது, சாப்பாடு கேட்காது. ஆடுபவர் அரை நொடி சமநிலை தவறினால் காத்திருக்கவும் அதற்குத் தெரியாது.

இந்தக் காத்திருத்தலைத் தெருக்கூத்தில் பார்க்க வேண்டும். பழைய தென்னாற்காட்டுக் கிராமங்களில் திரௌபதி அம்மன் திருவிழா என்றால் விடியவிடியக் கூத்து. வேஷக்காரர் கட்டை கட்டி, முடி தரித்து, கிறுகிறுவென்று சுற்றி ஆடிக்கொண்டே பாட வேண்டும். நடு ராத்திரிக்கு மேல் மூச்சு எங்கே இருக்கும்? அவர் ஓர் அடியைப் பாடியதும் பின்னால் ஆர்மோனியம், மத்தளம், முகவீணையோடு உட்கார்ந்திருப்பவர்கள் அதை வாங்கிப் பாடுகிறார்கள். அந்த இடைவெளியில் அவர் ஆடுகிறார், மூச்சு வாங்குகிறார், அடுத்த அடியை நினைவுக்குக் கொண்டுவருகிறார். வரி மறந்துவிட்டால் எடுத்துக்கொடுப்பதும் பின்பாட்டுக்காரர்தான். அர்ச்சுனன் தபசில் அர்ச்சுனனைத் தெரிந்த அளவுக்கு அவரை ஊருக்குத் தெரியாது. ஆனால் ஊர் விட்டு ஊர் போய்க் கூத்துப் பழகுகிறவர்கள் உண்மையில் அவரிடம்தான் பழகுகிறார்கள். முழுக் கூத்தும் மனப்பாடமாக இருப்பது அவருக்கு. எருக்கத்தம்புலியூர்ப் பெண்ணின் வேலையை இன்றும் செய்துகொண்டிருப்பவர் என்று ஒருவரைக் கைகாட்டச் சொன்னால் இவரைத்தான் காட்டுவேன்.

சினிமாப் பாட்டைப் பற்றிச் சுருக்கமாகச் சொன்னால் போதும். எம்.எஸ். விஸ்வநாதன் காலத்திலிருந்து நாம் மனப்பாடமாக முனகும் இடையிசைகளை வாசித்தவர்கள் பெரும்பாலும் பெயரில்லாதவர்கள். இளையராஜா 1986இல் வெளியிட்ட 'ஹவ் டு நேம் இட்' வந்தபிறகுதான் வி.எஸ். நரசிம்மனின் வயலினைப் பெயர் தெரிந்து கேட்டோம். பின்னாளில் ஏ.ஆர். ரகுமானின் ஆல்பங்களில் வாசித்தவர்களின் பெயர்கள் அச்சாகின. ஊர்த் திருவிழாக்களின் மெல்லிசைக் குழுக்களில் தபேலா, டோலக், டிரம்ஸ் என்று மூன்று பேர் இருந்த இடத்தில் இன்று ரிதம் பேட் வைத்துக்கொண்டு ஒருவர் இருக்கிறார். கீபோர்டுக்காரர் மடியில் புல்லாங்குழலும் வயலினும் வந்துவிட்டன. கடலூர் பக்கம் மாசி மகத்துக்குச் சாமிகள் கடலுக்கு வரும் நாளில் மேடை போட்டுப் பாடும் குழுக்களிலும் இதே கதைதான். அடுத்த படி கரோக்கி. அதில் பாடுபவர் மட்டும் மிஞ்சுகிறார்.

பயிற்சிக்கு வழியில்லை என்று சொல்ல முடியாது. சிதம்பரத்தில் ராஜா அண்ணாமலைச் செட்டியார் 1929இல் தொடங்கிய இசைக் கல்லூரிதான் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் இசைத்துறை ஆனது. டைகர் வரதாச்சாரியார், தண்டபாணி தேசிகர் போன்றவர்கள் தலைமை தாங்கிய இடம். தமிழிசை இயக்கம் பிறந்ததும் அங்கேதான். 1940களின் அந்தப் பெரும் சண்டை எந்த மொழியில் பாடுவது என்பதைப் பற்றியது. கூட வாசிப்பவருக்கு எவ்வளவு என்று இரு தரப்பிலும் யாரும் சண்டை போட்டதாகத் தெரியவில்லை. மிருதங்கக்காரருக்குத் தெலுங்குக் கீர்த்தனைக்கும் தமிழ்ப் பாட்டுக்கும் ஒரே சம்பளம்தானே. கடலூரில் மாவட்ட அரசு இசைப்பள்ளி இருக்கிறது. குரலிசை, நாதசுரம், தவில், தேவாரம், பரதநாட்டியம், வயலின், மிருதங்கம் ஆகியவை மூன்றாண்டுப் பாடங்கள். தவில் படிக்க அரசுப் பள்ளி இருப்பது சின்ன விஷயமில்லை. குலத்தில் பிறக்காத பையனும் பெண்ணும் உள்ளே போகக்கூடிய வாசல் அது. அந்தப் பட்டியலில் தாளமும் ஒத்தும் இல்லை.

இருக்கவும் முடியாது என்பார்கள். ஒரே சுரத்தை ஊத மூன்று வருஷமா என்று கேட்பார்கள். அந்தக் கேள்விக்குச் சந்தை ஏற்கெனவே பதில் சொல்லிவிட்டது. 1970களின் இறுதியில் பெங்களூரில் ராடெல் நிறுவனம் மின்னணுச் சுருதிப்பெட்டி செய்யத் தொடங்கியது. தம்புரா போடும் சீடர்கள் மேடையிலிருந்து மெல்ல மறைந்தார்கள், நாதசுர செட்டில் ஒத்துக்காரர் மறைந்தார். சம்பளம் ஒன்று மிச்சம், ரயில் டிக்கெட் ஒன்று மிச்சம். சிறு கோயில்களில் இதையும் தாண்டிவிட்டார்கள். சுவிட்சைப் போட்டால் மோட்டார் சுற்றி, முரசையும் சேகண்டியையும் மணியையும் தானே அடிக்கும் இயந்திரம் தீபாராதனைக்கு நிற்கிறது. யாரோ உபயம் செய்தது என்று அதன்மேல் பெயர் எழுதியிருக்கும். அடித்துக்கொண்டிருந்தவர் பெயர் எங்கும் எழுதப்பட்டதில்லை.

தவில்காரர்களுக்கு விருது, நலவாரியம், ஓய்வூதியம் என்று கேட்கச் சங்கங்கள் இருக்கின்றன. ஒத்துக்காரருக்காகக் குரல் கொடுக்க யாரும் வரவில்லை, நாதசுரக்காரர்கள் உட்பட. ஆனால் நஷ்டம் முதலில் விழுந்தது அவர்கள் தலையில்தான். நாதசுரத்தின் சுருதி சீவாளியைப் பொறுத்தது. எச்சில் ஊறினால், வெயில் ஏறினால், வாசிக்க வாசிக்க அது மெல்ல நகரும். பக்கத்தில் ஒத்து இருந்த நாளில் அந்த மனிதர் காதில் வாங்கிக்கொண்டு, தன் சீவாளியை அழுத்தியோ தளர்த்தியோ கூடவே நகர்ந்து வந்தார். இன்று பெட்டி வைத்த இடத்தில் நிற்கிறது. மேல வீதி திரும்பும்போது உச்சி வெயிலில் சுருதி விலகினால் நாதசுரக்காரர் ஒரு கையால் வாத்தியத்தைப் பிடித்துக்கொண்டு, பெட்டிக்காரப் பையனைத் தேடி, திருகைத் திருப்பச் சொல்லிச் சைகை காட்ட வேண்டியிருக்கிறது.